தகவல் துளி: கிடாவில் இருக்கிறது கணக்கு

மழைக்காலம் ஓய்ந்ததும் தக்காண மேட்டிலிருந்து தங்கர் மேய்ப்பர்கள் சஹ்யாத்ரி மலை இறங்கிக் கொங்கணத்துக்கு வருவார்கள். தட்டுமுட்டுச் சாமான் குதிரை முதுகில் ஏறிவிடும். அறுப்பு முடிந்த வயலில் இரவு கிடை போட்டால், புழுக்கையும் மூத்திரமும் அப்படியே எரு. நம் ராமநாதபுரத்துக் கீதாரிகள் என்ற மேய்ப்பர்கள் செய்வதும் இதே வேலைதான்.

மந்தையை உற்றுப் பாருங்கள். கறுத்து, முரட்டு ரோமம் போர்த்தியது தக்காணி ஆடு. அந்த ரோமத்தில்தான் 'கோங்கடி' என்ற கம்பளி நெய்கிறார்கள். உயரமாய், வெள்ளையில் பழுப்புத் திட்டோடு, கிளிமூக்கோடு நிற்பது சாங்லி மாவட்டத்து மாட்கியாள் ஆடு; கறிக்குப் பேர்போனது.

இரண்டையும் ஒன்றாக மேய்க்கலாம். ஆனால் இணைசேரும் பருவத்தில் கிடாக்களைப் பிரித்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஐந்து மாதத்தில் விழுவது கலப்புக் குட்டி: எடை கூடும், கம்பளி குறையும். நம்மூர் வேம்பூர்ப் பொட்டு ஆட்டையும் கீழக்கரிசல் ஆட்டையும் சேர்த்து வளர்ப்பவர்களும் இனம் கலக்காமலிருக்க இப்படித்தான் கிடாக்களைப் பிரிக்க வேண்டும்.

மேய்ச்சல் ஒன்றாக இருக்கட்டும். கிடா மட்டும் தனித்தனியாக!