விளைச்சலில் பங்கும் வீட்டு அடுப்பும்

தறியில் பாவு ஏறுவதற்கு முன்பே நெசவாளருக்குச் சங்கம் நூல் கொடுத்துவிடுகிறது. துணி விற்ற பிறகுதான் நூல் என்றால் தறி ஓடாது. உழவர் நிலை வேறு. விதை, எரு, கூலி ஆகிய செலவெல்லாம் முதலில்; வரவு கடைசியில். பயிர்க்கடன் கொடுக்க நம் சங்கங்கள் இருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் காய் சந்தைக்கு வரும் நாளில் விலை விழுந்தால், அந்த நஷ்டம் உழவர் ஒருவர் தலையிலேயே விழுகிறது. கடன் தவணை மட்டும் மாறுவதில்லை. தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில் நிலுவைப் பட்டியலைப் புரட்டும்போதெல்லாம் இந்த எண்ணம் எனக்கு வருவதுண்டு.

இந்த நஷ்டத்தில் உண்பவரும் பங்கேற்கும் ஏற்பாடு ஒன்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடைமுறையில் உள்ளது. ஜப்பானில் 1971-இல் தோன்றிய இயற்கை வேளாண்மைச் சங்கம் இதற்கு வழிகாட்டியது. அதன் முன்னோடியான தெரூவோ இச்சிராகு, கூட்டுறவு இயக்கத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நகரத்துக் குடும்பங்களும் உழவர்களும் தரகரின்றி நேரில் உடன்பாடு செய்துகொண்டனர். 1978-இல் இதற்கெனப் பத்துக் கொள்கைகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, உடன்பாட்டின்படி விளைந்தது அனைத்தையும் உண்போர் ஏற்று, இயன்றவரை அதைக்கொண்டே தம் உணவை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பது. படிப்பதற்கு எளிது, கடைப்பிடிப்பது எளிதன்று.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து இந்தியன் லைன் பண்ணையில் ராபின் வான் என் அம்மையாரும் நண்பர்களும் 1985-இல் ஆப்பிள் பங்குகளுடன் தொடங்கி, மறு ஆண்டு காய்கறிக்கு விரிவுபடுத்தினர். பருவம் தொடங்குமுன் குடும்பங்கள் பங்குத் தொகை செலுத்திவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை வாரம் ஒரு கூடை பெறும். இது நம் சங்கப் பங்கு போன்றதன்று. தொகை திரும்பாது, லாபப் பிரிவினையும் இல்லை. பருவம் முடிந்தால் பங்கும் முடிந்தது.

1986-இல் நியூ ஹாம்ப்ஷயரில் தோன்றிய டெம்பிள்-வில்டன் பண்ணையின் முறை இன்னும் வியப்பானது. அங்கே ஆண்டுச் செலவுத் திட்டத்தை அங்கத்தினர் முன் வைக்கின்றனர். ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்றதைத் தருவதாக ஒப்புகிறது. மொத்தம் குறைந்தால் மீண்டும் கேட்கின்றனர். கொடுத்த தொகையை வைத்து எடுக்கும் காயை அளப்பதில்லை. கணக்கைக் கட்டிக்கொண்டு வாழும் என் போன்றோருக்கு இது முதலில் நம்பக்கூடியதாகப் படவில்லை. ஆனால் பண்ணை முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நடந்து வருகிறது.

2009-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் மழையும் குளிரும் மிகுந்து, தக்காளிச் செடிகளைக் கருகல் நோய் வாரிக்கொண்டு போயிற்று. பங்கு கட்டியவர் பலருடைய கூடைகளில் தக்காளியே வரவில்லை. சந்தையை நம்பியிருந்தால் தக்காளியும் போய்ப் பணமும் போயிருக்கும். பங்குப் பண்ணைகளிலோ உழவரின் பணம் முன்பே வந்திருந்தது.

நம் நெசவாளர் குடும்பங்கள் கூலியை எதிர்பார்த்து வாழ்வன. ஒரு பருவத்துத் தொகையை மொத்தமாகக் கட்டு என்றால் அவர்களால் இயலாது. இம்முறை இங்கு வருமானால் வாரத் தவணையாகவே வர வேண்டும் என்பது என் கருத்து.

பணம் கட்டுவதைவிடக் கடினமான பகுதி சமையலில் இருக்கிறது. சேர்ந்தவர்கள் விலகும்போது கூறும் காரணங்களில் முக்கியமானவை, விரும்பிய காய் வருவதில்லை, வருவது அளவுக்கு மீறி வருகிறது என்பவையே. நூல்கோலைக் கண்டு திகைக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். நம் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். விஸ்கான்சின் மாநிலத்துப் பண்ணைகளின் கூட்டமைப்பு ஒன்று காய்களின் அகரவரிசையில் சமையல் நூலே வெளியிட்டது. கையில் இருக்கும் காயிலிருந்து தொடங்க வேண்டியவருக்கு அதுவே சரியான வரிசை.

கூடை வந்த அன்றே பிரித்துவிட வேண்டும். முள்ளங்கி, காரட், பீட்ரூட் ஆகியவற்றின் தழையை உடனே கிள்ளாவிட்டால், அது கிழங்கின் ஈரத்தை இழுத்துக் கிழங்கு துவண்டுவிடும். கிள்ளிய முள்ளங்கித் தழையைப் பருப்பிட்டுக் கூட்டாக்கலாம். பீட்ரூட் தழையைத் தேங்காய் சேர்த்துப் பொரிக்கலாம். இனிப்பு மக்காச்சோளம் பறித்த நேரம் முதலே தித்திப்புக் குறைந்து மாவுத்தன்மை ஏறும்; அதை அன்றே வேகவைப்பது நலம். கீரைகளை முதல் இரண்டு நாட்களில் முடித்துவிட்டுக் கிழங்கையும் கோசையும் வாரக் கடைசிக்கு ஒதுக்கலாம். ஆகஸ்டில் சுகினி என்னும் பூசணி வகை குவிந்துவிடும். அங்குள்ளோர் அதைத் துருவி மாவில் கலந்து இனிப்பு ரொட்டி சுடுகின்றனர். பிஞ்சாயிருந்தால் நம் பாசிப்பருப்புக் கூட்டுக்கும் அது ஏற்றதே.

அக்டோபரில் கோஸ் மிகும். நூறு பலம் கோசை மெல்லியதாக அரிந்து, இரண்டு முதல் இரண்டரைப் பலம் உப்பிட்டுப் பிசைந்து, ஜாடியில் அழுத்திக் கல் ஏற்றுகின்றனர். கோஸ் தன் நீரிலேயே அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே தெரிந்தால் பூசணம் பிடிக்கும். மூன்று நான்கு வாரத்தில் புளித்துப் பதமாகும். பிறகு குளிர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. அடுத்த பருவத்துக்குப் பங்குத் தொகை கேட்டுப் பண்ணையிலிருந்து கடிதம் வரும் நாளில்கூட, சென்ற பருவத்துக் கோஸ் ஜாடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.