200 கிராம் ஹெல்மெட் தாங்குமா?

ரோட் பைக் ஓட்டுறவங்க ஹெல்மெட் கடைக்குப் போனா முதல்ல என்ன பண்றோம்? கையில எடுத்து எடை பாக்குறோம். அதுல தப்பில்ல. நாலு மணி நேரம் குனிஞ்சே ஓட்டுனா ஒவ்வொரு கிராமும் கழுத்துல தெரியும். ஆனா தூக்கிப் பாக்குறதுக்கு முன்னாடி, கவுத்துப் பாருங்க. உள்ள ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

இஎன் 1078னு போட்டிருந்தா ஐரோப்பியத் தரம். சிபிஎஸ்சினு இருந்தா அமெரிக்கத் தரம். ரெண்டுலயும் ஹெல்மெட்டுக்குள்ள ஒரு உலோகத் தலையை மாட்டி, இரும்புப் பாளத்து மேல விழ விடுவாங்க. அமெரிக்காவுல 2 மீட்டர் உயரம், ஐரோப்பாவுல சுமார் ஒன்றரை மீட்டர். அதனால ஒரே மாடலோட அமெரிக்கப் பதிப்பு பெரும்பாலும் கொஞ்சம் கனமா இருக்கும். விளம்பரத்துல 200 கிராம்னு போட்டிருந்தா எந்தப் பதிப்பு, எந்த சைஸுனு கேளுங்க. சில கம்பெனி சின்ன சைஸோட எடையைத்தான் பெருசா போடும்!

2 மீட்டர்ல இருந்து விழுந்தா வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர்தான். "நான் 35ல போறேனே?" அப்படினு கேப்பீங்க. இது தலை கீழ வந்து மோதுற வேகம். நீங்க முன்னாடி போற வேகம், விழுந்ததும் பெரும்பாலும் சறுக்கலாவும் உருட்டலாவும் மாறும். அந்த உருட்டல்ல தலை சட்டுனு திரும்புறது மூளைக்கு ஆபத்து. ஸ்வீடன்ல உருவான மிப்ஸ்ங்கிற அமைப்பு இதுக்குத்தான். உள்ள மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் அடுக்கு. விரலால தள்ளுனா ஒரு சென்டிமீட்டர் நகரும். எடை கூடும், ஒரு முட்டை அளவுக்குள்ளதான். நானா இருந்தா யோசிக்காம அதைச் சுமப்பேன். அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் இந்தத் திருகலையும் சேத்துச் சோதிச்சு ஸ்டார் குடுக்குது; இணையத்துல இலவசம். விலை கம்மியான ஹெல்மெட்டுகளும் அதுல 5 ஸ்டார் வாங்கியிருக்கு.

அடுத்து காத்து. 1991ல பாரிஸ்–நீஸ் பந்தயத்துல ஹெல்மெட் கட்டாயம்னு சொன்னப்போ, புழுக்கமா இருக்கும்னு வீரர்கள் போராட்டமே பண்ணாங்க; விதி நிக்கல. அதே பந்தயத்துல 2003ல ஹெல்மெட் இல்லாம விழுந்து கிவிலெவ்ங்கிற வீரர் இறந்தார். அந்த வருஷமே கட்டாயமாச்சு. புழுக்கம்னு சொன்னது பொய்யில்ல. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பாத்தவங்களுக்குத் தெரியும். ஆனா ஓட்டையை எண்ணாதீங்க. உள்பக்கம் நெத்தியில இருந்து பின்னந்தலை வரைக்கும் வாய்க்கால் மாதிரி பள்ளம் ஓடுதானு விரல் விட்டுப் பாருங்க.

இப்போ மாட்டுங்க. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம். பின்னாடி டயலை மட்டும் இறுக்கிட்டு, வாரைப் போடாம தலையைக் குனிங்க. வழுக்கி விழுந்தா உங்க தலை வடிவத்துக்கு அது ஒத்து வரல, அடுத்ததை எடுங்க. வார் ரெண்டும் காதுக்குக் கீழ ஒண்ணு சேரணும். தாடைக்கும் வாருக்கும் நடுவுல ஒரு விரல் போனாப் போதும்.

செகண்ட் ஹேண்ட் மட்டும் வேண்டாம். உள்ள இருக்கிறது தெர்மாகோல் வகை நுரை. நசுங்கித்தான் அடியை வாங்கும், ஒரு தடவை நசுங்குனா திரும்ப எழும்பாது. மேல ஓடு பளபளன்னு இருந்தா, உள்ள நசுங்கியிருக்கிறது வெளியில தெரியாது.