காகித வட்டத்துக்கு மேக்னம் எதற்கு?

மேக்னம் என்பது முதலில் தோட்டாவின் பெயர். துப்பாக்கிக்கு அது பிறகு ஒட்டிக்கொண்டது. உறையை நீட்டி, கூடுதல் மருந்து அடைத்து, 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காவலருக்கும் வேட்டைக்காரருக்கும் அந்த வேகம் வேண்டியிருந்தது. இலக்குப் பலகையில் ஒட்டிய காகிதத்துக்கு வேண்டியதில்லை. சர்வதேச 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் .30 முதல் .38 வரை அளவு அனுமதிக்கப்பட்டாலும், மேக்னம் தோட்டாவுக்கு இடமில்லை. 1994 ஹிரோஷிமாவிலும் 2006 தோஹாவிலும் ஜஸ்பால் ராணா ஆசியத் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். பாரிஸ் 2024இல் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலங்களும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்குக் கிடைத்தவை. மேக்னம்போல உதைப்பு பலமாக இருந்தால் புதியவரின் கை குதிரையை அழுத்தும் முன்பே மிரண்டுவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. மேக்னத்தின் ஒலியோ 140 டெசிபலைத் தாண்டும். காதுக்கவசம் இல்லாமல் ஒரே வெடி போதும், செவித்திறன் நிரந்தரமாகக் குறைய.

‘.357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாமே, உதைப்பு குறையுமே’ என்பார்கள். உண்மைதான். ஆனால் மென்மையான தோட்டாதான் வேண்டுமென்றால் மேக்னம் வாங்கிய காரணமே போய்விடுகிறது. மென்மைக்கு வேறு வழியும் உண்டு: கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் சுடும் தோட்டா, சென்டர் ஃபயர் வீரர்கள் காலங்காலமாக நம்பிவந்த அதே வகை. ‘என் காசு, என் விருப்பம்’ என்பது அடுத்த வாதம். அமெரிக்காவில் எடுபடலாம், இங்கே துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமையல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சுட்டிக்காட்டியிருக்கிறது. 1959 ஆயுதச் சட்டப்படி 21 வயதும் உரிமமும் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். உரிமமில்லாமல் வைத்திருந்தால் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை.

காரைக்கால் தலத்தெருக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. உரிமத்தில் ‘செல்லுபடியாகும் பகுதி’ என்று எழுதியிருப்பதை யாரும் நின்று படிப்பதில்லை. அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தோடு முடிந்தால், நாகூர்ப் பக்கமோ பொறையார்ப் பக்கமோ துப்பாக்கியோடு எல்லை தாண்டுவதே குற்றம். புதுச்சேரி நகருக்குக் கொண்டுபோவதானாலும் தமிழ்நாட்டு மண்ணைக் கடந்துதான் போக வேண்டும். எல்லை தாண்டிப் பழகிய ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே, விளையாட்டு ஆசை இருந்தால் ஏர் பிஸ்டலில் தொடங்குவதே அறிவு. 4.5 மி.மீ. அளவும் 20 ஜூலுக்கு உட்பட்ட திறனும் கொண்டதற்கு உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போக விரும்புபவர் முதலில் அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் சேர்ந்து, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழோடு விண்ணப்பிக்கட்டும். போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் உரிமத்தை மறுக்க ஆயுதச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தரவில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். தாத்தா விட்டுப்போன துப்பாக்கி பரணில் கிடந்தால், 21ஆம் பிரிவின்படி தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதை முறைப்படி விற்கும் உரிமை வாரிசுக்கு உண்டு.