மரமஞ்சள் உடல் எடையைக் குறைக்குமா?

மரமஞ்சள் பொடியும், அதிலுள்ள பெர்பெரின் என்ற சத்தில் செய்த மாத்திரையும் உடல் எடையைக் குறைக்கும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா என்று கேட்பவர்களும் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். எனவே இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதை நம் குடும்பத்தார் அறிந்துகொள்வது நல்லது.

மரமஞ்சள் என்பது நாம் ஆணத்தில் போடும் மஞ்சள் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் ஒரு கொடியின் தண்டு அது. கசப்பாக இருக்கும். அதிலுள்ள பெர்பெரின், சீன வைத்தியத்தில் பயன்படும் வேறு சில செடிகளிலும் உண்டு. வயிற்றுப்போக்குக்கு அங்கே நெடுங்காலமாக அவற்றைக் கொடுத்து வருகிறார்கள்.

இந்தப் பெர்பெரினில் ஒரு விந்தை இருக்கிறது. வாய்வழியாக உட்கொண்டால், நூற்றில் ஒரு பங்குகூட அப்படியே இரத்தத்தில் கலப்பதில்லை. பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடுகிறது. அப்படியானால் அது எப்படி வேலை செய்கிறது? இதற்கான பதிலைத் தேடியவர்களின் கவனம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பக்கம் திரும்பியது.

நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் உள்ளன. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைச் சிதைத்து, உடலுக்குப் பயன்படும் கொழுப்பு அமிலங்களாக அவை மாற்றித் தருகின்றன. 2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர், பருத்த எலிகளின் குடல் பாக்டீரியாக்களை, கிருமிகளே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்தினார்கள். ஒல்லியான எலிகளின் பாக்டீரியாக்களைப் பெற்றவற்றைவிட இவற்றின் உடலில் கொழுப்பு அதிகமாகச் சேர்ந்தது. பருமனில் குடல் பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு என்பது இதிலிருந்து தெரியவந்தது.

2012-ல் ஷாங்காய் ஆய்வாளர்கள், கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளுக்குப் பெர்பெரின் கொடுத்தார்கள். அவை பருக்கவில்லை. பல வகை பாக்டீரியாக்கள் குறைந்தன. நன்மை தரும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும் சில வகைகள் பெருகின.

ஆனால் எலியிடம் கண்டது மனிதரிடம் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. 2020-ல் சீனாவில் நானூறுக்கும் மேற்பட்ட புதிய சர்க்கரை நோயாளிகளிடம் மூன்று மாதம் நடந்த ஆய்வில், பெர்பெரின் எடுத்தவர்களின் சர்க்கரை அளவு, வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாகக் குறைந்தது. குடல் பாக்டீரியாக்கள் பித்த அமிலங்களை மாற்றும் வேலையைப் பெர்பெரின் தடுப்பதே இதற்கு ஒரு காரணம் என்று அந்த ஆய்வு விளக்கியது. உடல் எடையைப் பொறுத்தவரை பலன் சிறியதுதான். மிகச் சிலரிடம் நடந்த ஒரு சோதனையில் 12 வாரத்தில் சுமார் 2 கிலோ குறைந்தது.

இந்த ஆய்வுகளில் கொடுத்தது சுத்திகரித்து அளந்த மருந்து. நாட்டு மருந்துக் கடைப் பொடியில் எவ்வளவு பெர்பெரின் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

கவனிக்க வேண்டியவை:

1. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தொடவே கூடாது. பச்சிளம் குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையைப் பெர்பெரின் அதிகமாக்கி, மூளையையே பாதிக்கக்கூடும்.

2. சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

3. சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள் எடுக்கும் மருந்தின் அளவை இது இரத்தத்தில் கூட்டிவிடும். பிரஷர், கொலஸ்ட்ரால் மருந்து எடுப்பவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

4. வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், வயிற்றுவலி ஆகியவை பலருக்கும் வருகின்றன.

குடல் பாக்டீரியாக்களுக்கு உணவளிக்க மலைக்கொடியைத் தேடி அலைய வேண்டியதில்லை. நோன்புக் கஞ்சியில் நாம் போடும் வெந்தயத்திலேயே அவற்றுக்கு வேண்டிய நார்ச்சத்து இருக்கிறது. பயறு, கீரை, கொய்யா, கேழ்வரகு இவற்றிலும் உண்டு. ரமலானில் மட்டுமின்றி ஆண்டு முழுவதும் இவற்றைத் தட்டில் சேர்த்து, பொரித்ததையும் இனிப்பையும் குறைத்து, தினமும் அரை மணி நேரம் நடந்து வாருங்கள். அதன்பிறகும் மரமஞ்சளைச் சாப்பிட்டுப் பார்க்க விரும்பினால், நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.