பற்றரி நிறைந்ததை அறியும் சார்ஜர்

1801ஆம் ஆண்டின் முதல் நாள் இரவு. பலெர்மோ அரச மாளிகையின் கோபுரத்தில் இருந்த வானியல் நிலையத்தில் ஜுசெப்பே பியாசி என்ற துறவி நட்சத்திரப் பட்டியல் ஒன்றுக்காக வானத்தை அளந்துகொண்டிருந்தார். ரிஷப இராசியின் பக்கம் மங்கலான ஒரு புள்ளி தெரிந்தது. அடுத்தடுத்த இரவுகளில் அது இடம் மாறிக்கொண்டே போனது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சூரியனைச் சுற்றும் அந்தச் சிறு உலகத்துக்கு, சிசிலித் தீவின் தானியத் தெய்வமான சேரெஸின் பெயரை அவர் வைத்தார். 1803இல் சுவீடனில் பெர்சீலியஸும் ஹிசிங்கரும் ஒரு கனிமத்துக்குள் புதிய மூலகம் ஒன்றைக் கண்டபோது, அப்போது எல்லோரும் பேசிக்கொண்டிருந்த அந்தச் சிறு உலகத்தை நினைத்து அதற்குச் சீரியம் என்று பெயரிட்டார்கள்.

அந்தச் சீரியம் இன்று வீடுகளில் நாம் திரும்பத் திரும்ப மின்னேற்றும் பல டபுள்-ஏ பற்றரிகளுக்குள் இருக்கிறது. விளையாட்டுக் கார், ரோச் லைட், கம்பியில்லா மௌஸ் ஆகியவற்றில் போடும் விரல் அளவுப் பற்றரிகள் பெரும்பாலும் நிக்கல் உலோக ஐதரைட் வகை. அவற்றின் எதிர்மின்வாயில் லந்தனம், சீரியம் போன்ற அருமண் உலோகங்களும் நிக்கலும் கலந்த கலப்புலோகம் உண்டு. 1960களின் பிற்பகுதியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் லந்தனம்–நிக்கல் கலப்புலோகம் ஐதரசன் வாயுவை ஏராளமாக உள்ளே இழுப்பதைக் கண்டார்கள். பரப்பிய சல்லிக் கற்களின் இடைவெளிகளில் மணல் இறங்குவதுபோல, உலோக அணுக்களுக்கு நடுவில் ஐதரசன் அணுக்கள் போய் அமர்ந்துகொள்கின்றன. இப்படி அடைந்த ஐதரசன், குளிர்வித்துத் திரவமாக்கிய ஐதரசனைவிட நெருக்கமாக இருக்கிறது. விரல் தடிப்புள்ள ஓர் உருளைக்குள் இது நடக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

மின்னேற்றும்போது உள்ளே இருக்கும் காரக் கரைசலின் நீர் பிரிகிறது. ஐதரசன் கலப்புலோகத்துக்குள் புகுகிறது; மறுமுனையில் நிக்கல் சேர்மம் உருமாறுகிறது. பற்றரியைப் பயன்படுத்தும்போது இதெல்லாம் தலைகீழாக நடக்கும். எதுவும் கரைந்து தீர்ந்துபோவதில்லை என்பதால்தான் நூற்றுக்கணக்கான தடவை திரும்பச் செய்ய முடிகிறது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் பழைய நாகம்–கரிப் பற்றரி அப்படியல்ல. அதன் நாக உறையே எரிபொருள். மின்சாரம் எடுக்க எடுக்க உறை கரைகிறது.

பலெர்மோவில் வாழும் எங்கள் ஆட்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பற்றரியின் அருமையை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1990இல் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். களைத்துப்போன பற்றரிகளை வெயிலில் காயவைத்தார்கள். சிலர் ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். இரண்டுக்கும் நல்ல அறிவியல் அடிப்படை உண்டு. வெப்பம் கூடினால் உள்ளே அயன்கள் வேகமாக நகரும், வேதிவினையும் விரையும். உப்புத் தண்ணீர், உலர்ந்துபோன மின்பகு பசையை மறுபடி ஈரமாக்கும். செய்திக்காகத் தவித்த ஒரு சமூகம் தன் கைப்பட்டறிவால் கண்டுபிடித்த வேதியியல் அது. பாடப்புத்தகங்களில் இடம்பெற வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பழக்கத்தை இன்றைய பற்றரிக்குக் கொண்டுவரக்கூடாது. மின்னேற்றும் பற்றரிக்கு வெயில் பகை. பலெர்மோவின் வெயிலோ சாதாரண வெயில் அல்ல. 2023 ஜூலை 24 அன்று, பியாசி வேலைசெய்த அதே வானியல் நிலையத்தில் வெப்பநிலை 47 பாகை செல்சியஸைத் தொட்டது. நிக்கல் உலோக ஐதரைட் பற்றரியை மின்னேற்ற உகந்த மேல் எல்லை ஏறத்தாழ 40 பாகை. பல்கனி மேசையிலோ யன்னல் படியிலோ சார்ஜரை வைத்தால், பற்றரி நிறைவதற்கு முன்பே கெடத் தொடங்கிவிடும். கோடையில் இரவில், வீட்டின் குளிர்ந்த அறையில், ஓட்டுத் தரையின் மேல் ஏற்றுங்கள்.

இனிச் சார்ஜருக்கு வருகிறேன். பெரும்பாலானோர் பற்றரிக்குக் காசு கொடுத்துவிட்டு, சார்ஜரில் மிச்சம் பிடிக்கிறார்கள். இதை நான் தலைகீழாகச் சொல்வேன். நடுத்தரப் பற்றரியும் நல்ல சார்ஜரும் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். உயர்ந்த பற்றரியை மட்டமான சார்ஜர் சில மாதங்களில் தின்றுவிடும்.

காரணம் இதுதான். பற்றரி நிறைந்துவிட்டதா என்பதை வெளியிலிருந்து எப்படி அறிவது? மின்னேற ஏற அதன் மின்னழுத்தம் மெல்ல உயர்ந்து ஏறத்தாழ 1.45 வோல்ட்டை எட்டும். நிறைந்த பிறகும் மின்சாரம் வந்துகொண்டிருந்தால், உள்ளே போக இடமில்லாத ஆற்றல் நேர்முனையில் ஒட்சிசனை உண்டாக்கும். அந்த ஒட்சிசன் மறுமுனைக்குப் போய் ஐதரசனோடு சேர்ந்து திரும்ப நீராகும். அப்போது பற்றரி சூடேறும். சூடேறியதும் மின்னழுத்தம் சில மில்லி வோல்ட் மட்டும் சரியும். ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கு! நல்ல சார்ஜரின் சில்லு இந்த நுண்ணிய சரிவுக்காகக் காத்திருக்கிறது. அதைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது.

மலிவுச் சார்ஜருக்கு இந்தப் புலன் இல்லை. இத்தனை மணி நேரம் என்று கணக்குவைத்து ஓடும், அல்லது நாமே கழற்றும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும். இன்னொரு குறை, அது பற்றரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றும். ஒன்று பாதி நிறைந்தும் மற்றது வெறுமையாகவும் இருந்தால், முதலாவது நிறைந்து சூடேறிக்கொண்டிருக்க இரண்டாவது இன்னும் பசியோடிருக்கும். ஆகவே வாங்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: ஒவ்வொரு பற்றரிக்கும் தனி விளக்கு எரிகிறதா, ஒற்றைப் பற்றரியைப் போட்டாலும் ஏறுமா? ஏறினால் அது தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜர். வேகமும் அளவாக இருக்க வேண்டும். 2000 மில்லி அம்பியர் மணிப் பற்றரிக்கு 500 முதல் 1000 மில்லி அம்பியர் வரை நல்லது. மிக மெதுவாக ஏற்றினால் அந்த மின்னழுத்தச் சரிவு தெரியாமலே போய்விடும். மிக வேகமாக ஏற்றினால் சூடு.

பற்றரியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். டபுள்-ஏ அளவுக்குள் நிக்கல் உலோக ஐதரைட் வகை உண்மையில் 2700, 2800 மில்லி அம்பியர் மணிக்கு மேல் தாங்காது. 3500, 4000 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். உண்மையான பற்றரிகளிலும் கொள்ளளவு கூடக்கூட ஆயுள் குறைவது வழக்கம். பனசோனிக் தன் எனலூப் வகையின் சாதாரணப் பற்றரிக்கு 2100 தடவையும், கூடிய கொள்ளளவுள்ள வகைக்கு 500 தடவையும் மின்னேற்றலாம் என்கிறது. வீட்டுக்கு ஏறத்தாழ 2000 அளவுள்ள பற்றரியே போதும், அதுவே உத்தமம்.

பழைய நிக்கல் பற்றரிகள் சும்மா கிடந்தாலே ஒரு மாதத்தில் கால்பங்குவரை இழந்துவிடும். 2005இல் ஜப்பானின் சான்யோ கொண்டுவந்த எனலூப் இதை மாற்றியது. ஓராண்டு கழித்தும் 85 வீதம் மிஞ்சும் என்றார்கள். இன்று பல நிறுவனங்கள் இந்த வகையைச் செய்கின்றன. இத்தாலியக் கடைகளில் பொதியின் மேல் 'ப்ரெகாரிகாதே', அதாவது முன்பே மின்னேற்றியவை, என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது இந்த வகைதான்.

1.5 வோல்ட் கேட்கும் கருவிக்கு 1.2 வோல்ட் போதுமா என்று தயங்குவோர் பலர். சாதாரண அல்கலைன் பற்றரி தொடக்கத்தில்தான் 1.5 காட்டும், பாதி ஆயுளில் அதுவும் 1.2 அளவுக்கு இறங்கிவிடும். நிக்கல் பற்றரியோ ஏறக்குறைய கடைசிவரை 1.2இல் நிற்கும். அதன் உள்தடையும் குறைவு. மோட்டார் சுற்றும் கருவிகளில், கமரா ஃபிளாஷில் இது அல்கலைனைவிட நன்றாக உழைக்கும். முதியவர்களைப் பராமரிக்கும் வீடுகளில் வேலைசெய்யும் எங்கள் அக்காமார், அண்ணாமார் நாள்தோறும் கையாளும் இரத்த அழுத்தமானியிலும் ஒரு சிறு பம்ப் இருக்கிறது. கருவியின் கையேடு அனுமதித்தால் அதற்கு இந்தப் பற்றரி பொருத்தமானது. ஆனால் அதே முதியவரின் காதுக் கருவியில் இருக்கும் நாகம்–காற்றுப் பற்றரியை ஒருபோதும் சார்ஜரில் போடாதீர்கள். ஒட்டியிருக்கும் தாளை உரித்ததும் காற்றிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சி வேலைசெய்யும் அது ஒருமுறைக்கு மட்டுமே. சுவர்க் கடிகாரத்துக்கும் சாதாரணப் பற்றரியே போதும். அது எடுக்கும் மின்சாரம் அவ்வளவு சொற்பம். புகை எச்சரிக்கைக் கருவிக்குத் தயாரிப்பாளர் சொன்னதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இப்போது இலிதியம் டபுள்-ஏ பற்றரிகளும் வந்திருக்கின்றன. உள்ளே 3.7 வோல்ட் இலிதியம் கலம், அதை 1.5 ஆக இறக்க ஒரு சிறு மின்சுற்று. கடைசிவரை 1.5 வோல்ட் தந்துவிட்டு முன்னறிவிப்பின்றி அணைந்துவிடும். இவற்றின் கொள்ளளவை மில்லி வாட் மணியில் எழுதுவதால் எண் பெரிதாகத் தெரியும். 1.5ஆல் வகுத்துப் பாருங்கள். 3000 என்பது 2000 மில்லி அம்பியர் மணிதான். நிக்கலுக்கான சார்ஜரில் இவற்றைப் போடவே கூடாது.

ஊரிலிருந்து சார்ஜர் கொண்டுவருவோருக்கு ஒரு குறிப்பு. இலங்கையிலும் இத்தாலியிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். ஆகவே மின்சாரத்தால் சிக்கல் வராது, செருகியால்தான் வரும். இத்தாலியில் மூன்று குச்சிகள் ஒரே வரிசையில் நிற்கும். அதிலும் 10 அம்பியர், 16 அம்பியர் என இரண்டு அளவுகள். போன் வகைகளில் இந்தத் தலையிடி குறைகிறது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கைபேசி, டாப்லெட், கமரா, ஹெட்போன் முதலியவற்றுக்கு யூஎஸ்பி-சி துளை கட்டாயம். 2027 பெப்ரவரி 18 முதல், சில விதிவிலக்குகள் தவிர, சாதனங்களின் பற்றரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. 

பலெர்மோவின் குப்பை போய்ச் சேரும் பெல்லோலாம்போ மேடு 2012இலும் 2023 கோடையிலும் தீப்பிடித்து நகரத்தைப் புகையால் மூடியது. பழைய நிக்கல்–கட்மியம் பற்றரியின் கட்மியம் மண்ணிலும் நீரிலும் கலந்தால் நஞ்சு. நசுங்கிய இலிதியம் பற்றரி தானே தீமூட்டும். இத்தாலியச் சட்டப்படி பற்றரி விற்கும் கடைகள் பழையவற்றை இலவசமாக ஏற்க வேண்டும். அதற்காக நீங்கள் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. வீட்டு அலுமாரியில் சேர்ந்து கிடக்கும் பழைய பற்றரிகளை இந்த வாரமே ஒரு பையில் போட்டு, பக்கத்துக் கடையின் சேகரிப்புப் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.