லேப் ரிப்போர்ட்டை டாக்டர் எப்படிப் படிக்கிறார்?

அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்களில் பெரியவர்களின் மருத்துவ பைலைப் பிரித்தால் பெரும்பாலும் இதைக் காணலாம்: திருத்தணியில் எடுத்த ரத்தப் பரிசோதனை ஒன்று, சோளிங்கரில் எடுத்தது ஒன்று, வேலூர் சி.எம்.சி.யில் எடுத்தது இன்னொன்று. தாள்கள் மூன்று, வடிவமும் மூன்று. எதிலாவது ஓர் எண் தடித்த எழுத்தில் இருந்தால் வீடே கலங்கிவிடும். எல்லாம் நார்மல் என்றால் சிலர் மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். இரண்டுமே ஆபத்து. டாக்டர் இந்த எண்களை எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டால், வீட்டில் உள்ள கம்ப்யூட்டரைக் கொண்டு அவருக்குப் பெரிய உதவி செய்திடலாம்.

முதலில் கேள்வி, பிறகு டெஸ்ட்

டாக்டர் டெஸ்ட் எழுதும் முன்பே உங்கள் வயது, தொந்தரவு, குடும்ப வரலாறு ஆகியவற்றை வைத்து ஒரு சந்தேகத்தை மனதில் கொள்கிறார். டெஸ்ட் அந்தச் சந்தேகத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும். ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். நோயுள்ளவர் 100 பேரில் 90 பேரையும், நோயற்றவர் 100 பேரில் 90 பேரையும் சரியாகச் சொல்லும் டெஸ்ட் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாத 1000 பேரில் 10 பேருக்கு மட்டுமே அந்த நோய் உள்ளது. டெஸ்ட் அவர்களில் 9 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 99 பேருக்குத் தவறாக 'பாசிட்டிவ்' காட்டும். ஆக, பாசிட்டிவ் வந்த 108 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர்தான். அதே டெஸ்ட்டை, பாதிப் பேருக்கு நோய் இருக்கும் 1000 பேரிடம் செய்தால், பாசிட்டிவ் வந்த 500 பேரில் 450 பேர் உண்மையான நோயாளிகள். டெஸ்ட் மாறவில்லை, யாருக்கு எடுத்தோம் என்பதுதான் மாறியது. காரணம் இல்லாமல் டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்வது இதனால்தான்.

தடித்த எழுத்து சொல்வது என்ன?

ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள 'நார்மல் அளவு' பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரின் அளவுகளைக் கொண்டு அமைக்கப்படுகிறது. அதாவது, நலமாக உள்ள 20 பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியே வருவார். எண் எல்லையைத் தாண்டினால் லேப் கம்ப்யூட்டர் தானாகவே அடையாளம் போடும். அதற்கு உங்களைத் தெரியாது.

ஒரே நாளில் 20 டெஸ்ட்கள் எடுத்தால் என்ன ஆகும்? எக்ஸெல் தொகுப்பைத் திறந்து, ஏதேனும் ஒரு செல்லில் =1-0.95^20 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். விடை 0.64. அந்த டெஸ்ட்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால், முழு ஆரோக்கியமானவருக்கும் ஒரு தடித்த எழுத்தாவது வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

ரத்தம் பயணம் செய்தால்

கிராமத்தில் எடுத்த ரத்தம் நகரத்து லேபுக்குப் போவதற்குள் நேரம் ஆகிறது. டியூபில் உள்ள ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தொடர்ந்து செலவழிக்கும். அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்பது அளவுகோல். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு டெஸ்ட்டிலும் அதை உறுதி செய்திட வேண்டும். இப்போது =130*0.94^2 என டைப் செய்திடுங்கள். ரத்தம் எடுத்தபோது 130 ஆக இருந்தது, இரண்டு மணி நேரத்தில் 115 ஆகிவிட்டது! சாம்பல் நிற மூடி போட்ட டியூபில் உள்ள புளோரைடு இந்த இழப்பைக் கட்டுப்படுத்தும். ஆனால் அதுவும் வேலை செய்யத் தொடங்கச் சிறிது நேரம் எடுக்கும். நோயாளியின் நிலைக்குப் பொருந்தாத எண் வந்தால் டாக்டர் மீண்டும் ரத்தம் எடுக்கச் சொல்வது இதனால்தான்.

பழைய எண்ணின் மதிப்பு

ஒருவருக்கு கிரியேட்டினின் மூன்று ஆண்டுகளில் 0.7, 0.9, 1.2 என்று வந்ததாகக் கொள்வோம். ஆண்களுக்குப் பல லேப்களில் 1.3 வரை நார்மல் என்பதால் மூன்று தாளிலும் தடித்த எழுத்து இராது. வரிசையாக வைத்துப் பார்க்கும் டாக்டரோ, சிறுநீரகத்தைக் கவனிக்கத் தொடங்குவார். லேப் மென்பொருள்களிலும் இதே நோயாளியின் முந்தைய முடிவோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் வசதி உண்டு. ஆனால் அந்த லேபில் முன்பு எடுத்திருந்தால்தான் அது பயன்படும்.

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில், டாக்டர் டெஸ்ட் எழுதும்போது நோயாளியின் பழைய முடிவுகளைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டிப் பார்த்தார்கள். டெஸ்ட் செலவு 13 சதவீதம் குறைந்ததாக 1987ல் வெளியான ஆய்வு சொன்னது. மூன்று ஊர்களில் டெஸ்ட் எடுக்கும் நம்மவர்களுக்கு அந்தத் திரையாக வீட்டுக் கம்ப்யூட்டர் இருக்கட்டும்.

எக்ஸெலில் அட்டவணை

1. முதல் வரிசையில் தேதி, லேப், டெஸ்ட், முடிவு, அலகு, லேப் தந்த நார்மல் அளவு, குறிப்பு எனத் தலைப்புகள் தரவும்.

2. தேதியில் மாதத்தை ஆங்கிலத்தில் மூன்று எழுத்தாகவே டைப் செய்திடவும். எண்ணாகத் தந்தால், உங்கள் விண்டோஸ் அமைப்பைப் பொறுத்து மார்ச் 5 என்பது மே 3 ஆகிவிடலாம்.

3. அலகைக் கட்டாயம் எழுதவும். லண்டனில் உள்ள உறவினரின் சர்க்கரை 7 என்றால் பயப்பட வேண்டாம். அது மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் நம் ஊர் 126.

4. குறிப்பில் சாப்பிட்டது, காய்ச்சல், புதிய மாத்திரை ஆகியவற்றைப் பதியவும்.

5. ஒரே டெஸ்ட்டின் தேதி, முடிவு இரண்டையும் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் பிரிவில் லைன் சார்ட் கிளிக் செய்திடவும். ஏற்ற இறக்கம் ஒரே பார்வையில் தெரியும். லேப் மாறினால் சிறு வித்தியாசம் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதை ஒரே பக்கத்தில் பிரிண்ட் எடுத்து, அசல் ரிப்போர்ட்களுடன் டாக்டரிடம் கொடுங்கள். பைலின் ஒரு பிரதியை பென் டிரைவில் பாஸ்வேர்டுடன் வைத்திடுங்கள். சார்ட்டைப் பார்த்து நீங்களே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். எண்களை வரிசைப்படுத்துவது உங்கள் வேலை. அவற்றுக்குப் பொருள் சொல்வது டாக்டரின் வேலை.