‘நேத்து எங்க போனீங்க?’ – உங்க பஸ் ரூட்டைத் தீர்மானிக்கும் கேள்வி

“நேத்து வீட்ல யார் யார் எங்க போனீங்க? எத்தனை மணிக்கு? எதுல?” – முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று இப்படிக் கேட்டால் எரிச்சல்தான் வரும். ஆனால், உங்கள் ஏரியாவுக்கு பஸ் வேண்டுமா, மெட்ரோ வேண்டுமா என்ற கணக்கு தொடங்குவதே இந்தக் கேள்வியில்தான்.

அந்தக் கணக்கின் பெயர் ‘டிராவல் டிமாண்ட் மாடல்’. நகரத்தைச் சின்னச் சின்ன மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை பயணங்கள் கிளம்பும், எங்கே போகும், பஸ்ஸா பைக்கா ரயிலா, எந்த வழியாக என்று கம்ப்யூட்டரில் கணிப்பது.

ஒருமுறை போட்டால் போதாதா?

போதாது. சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். சி.எம்.டி.ஏ.வின் விரிவான போக்குவரத்து ஆய்வு முடிந்தது 2010-ல். அதன் பிறகு 2015-ல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பழைய கணக்கை அப்படியே ஓட்டினால், தென்மாவட்ட பஸ் பிடிக்கிறவர்களை அது இன்னமும் கோயம்பேட்டுக்கே அனுப்பி வைக்கும்!

இதைவிடச் சிக்கலானது 2021 மே மாதம் வந்த மாற்றம்: சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பஸ்ஸா, ஷேர் ஆட்டோவா என்று நாம் எப்படி முடிவெடுக்கிறோம் என்பதை மாடல் காசையும் நேரத்தையும் வைத்தே கணிக்கிறது. காசு பூஜ்யமானால் தராசே மாறிவிடும். டீலக்ஸ் பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முன்பு போகாமலே இருந்த இடங்களுக்கு இப்போது போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆண், பெண் என்று பிரிக்காத பழைய சூத்திரத்துக்கு இது பிடிபடாது.

நேரத்திலும் ஒரு விஷயம் உண்டு. ஸ்டாப்பில் காத்திருக்கும் ஒரு நிமிடத்தை, பஸ்ஸுக்குள் இருக்கும் இரண்டு நிமிடத்துக்குச் சமமாகப் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். (ஓ.எம்.ஆரில் சாயங்காலம் ஆறு மணிக்கு நிற்பவரைக் கேட்டால் நாலு என்பார்.)

அப்டேட் என்றால் என்ன செய்வார்கள்?

புது சர்வே, புது ரூட், புது டைம்டேபிள் எல்லாவற்றையும் ஏற்றி, இன்றைய நிலவரத்தை மாடலையே கணிக்கச் சொல்வார்கள். அது சொல்லும் கூட்டமும் டிக்கெட் மெஷின், மெட்ரோ கேட் பதிவு செய்த கூட்டமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகாவிட்டால் காரணம் தேட வேண்டும். விடையை ஒத்துவர வைக்க ஒரு எண்ணைக் கூட்டிக் கழித்துவிடுவதும் சுலபம்தான். அப்படிச் செய்தால் இன்றைய கணக்கு சரியாக வரும், பத்து வருஷம் கழித்து வரப்போகும் கூட்டம் தப்பாக வரும். அந்தத் தப்பு காலி ரயிலாகவோ, தொங்கிக்கொண்டு போகும் பஸ்ஸாகவோ நம் முன்னால் வந்து நிற்கும்.

மக்கள்தொகை இன்னொரு தலைவலி. கையில் இருப்பது 2011 சென்சஸ், அடுத்தது 2027-ல். அதுவரை பெரும்பாக்கத்திலும் சிறுசேரியிலும் எத்தனை பேர் குடியேறினார்கள் என்பதை மதிப்பீட்டில்தான் போட்டாக வேண்டும்.

டிக்கெட் டேட்டா இருக்கும்போது வீட்டுக்கு வந்து ஏன் கேட்கணும்? எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள் என்று மெஷினுக்குத் தெரியும். இறங்கி எங்கே, எதற்குப் போனீர்கள் என்று தெரியாது. பஸ் இல்லாததால் வண்டியை எடுத்தவர் அதில் வரவே மாட்டார். அதனால், யாராவது வந்து கேட்டால் ஆபீஸ் போனதை மட்டும் சொல்லாதீர்கள். போகிற வழியில் குழந்தையை ஸ்கூலில் விட்டதும் கணக்கில் ஒரு பயணம்தான்.